ரேணுகா அக்காவுக்கு ஓர் இலை

அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த மாங்காய்ப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுக்கறீங்களா? காலுக்கு இடைஞ்சல் இல்ல, இடம் தாராளமா இருக்கு. வாசனைதான். இல்ல இல்ல, குமட்டல. அதுக்கு நேர்மாறு. வாயில தண்ணி ஊறுது. அதான் பயமா இருக்கு.

சிரிக்கறீங்க. சிரிங்க. நான் பொதுவா பஸ்ஸுல யார்கிட்டயும் பேச மாட்டேன். காலேஜ்ல என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்த பொண்ணுகூட, "நீ வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லடி"ன்னு ஆட்டோகிராஃப்ல எழுதிக் குடுத்தா. இன்னைக்கு என்னவோ, வேலூர் தாண்டுனதுலேர்ந்து உங்ககிட்ட ஏதாவது சொல்லணும்னே இருக்கு. முன்னப்பின்ன தெரியாதவங்கன்னா சுலபமா இருக்கு போல.

ஆமா, இந்த மசாலா வாசனை என் தூக்குலேர்ந்துதான் வருது. கண்டக்டர்கூட, "யாருக்கும்மா பிரியாணி?"ன்னு கேட்டுட்டுப் போனார். பிரியாணி இல்லக்கா. காய். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய், குடைமிளகாய், மஞ்சள் பூசணி, பெரிய வெங்காயம். மசாலாவுல ஊறிட்டு இருக்கு. சாயங்காலம் மாமியார் ஊர்ல கரி அடுப்பு மேல சுடணும். பூவாடைக்காரிக்குப் படையல்.

உங்க வீட்லயும் உண்டா? அப்போ உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். மஞ்சள் குங்குமத்தோட செத்துப்போன பொம்பளை, வீட்டுக்கே சாமி. எங்க வீட்டுப் பூவாடைக்காரி ரேணுகா அக்கா. என் வீட்டுக்காரரோட முதல் சம்சாரம். நான் ரெண்டாவது.

நான் அவங்களைப் பார்த்ததில்ல. போட்டோவுல பார்த்திருக்கேன். ஹால்ல மாட்டியிருக்கு. எந்தப் பக்கம் நின்னாலும் நம்மளையே பார்க்கற மாதிரி இருக்கும், அந்த மாதிரி போட்டோ. எல்லா போட்டோவும் அப்படித்தான்னு அவர் சொல்வார். எனக்கு எங்க அப்பா போட்டோ அப்படித் தெரியல.

வருஷா வருஷம் சித்திரைல படையல். புதுப் புடவை, வளையல், பூ வெச்சு, அவங்களுக்குப் பிடிச்சதையெல்லாம் இலையில போட்டு, கற்பூரம் காட்டிட்டு, கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளியே வந்துடணும். அவங்க வந்து சாப்பிடறதுக்கு. அப்புறம் கதவைத் தட்டிட்டு உள்ளே போகணும். மத்த வீட்ல வடை, பாயசம், கருவாட்டுக் குழம்புன்னு இருக்கும். எங்க வீட்ல அதோட சேர்த்து, சுட்ட காய்.

அவங்களுக்கு அப்படி ஒரு பிரியம். கல்யாணமான புதுசுல பெங்களூர்ல ஏதோ ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு வந்து, தானா ஒரு மசாலா கண்டுபிடிச்சிருக்காங்க. வெயில் காலத்துல யாருக்கும் சோறு இறங்காதப்போ, மொட்டைமாடியில சிமெண்ட் அள்ளுற இரும்புச் சட்டியில கரியைப் பத்த வெச்சு, மேல கம்பி வலையைப் போட்டு, காயைச் சுட்டுச் சுட்டுப் போடுவாங்களாம். தெருவே மோப்பம் பிடிச்சுட்டு நிக்குமாம். எங்க அத்தை, அதான் மாமியார், இன்னைக்கும் சொல்வாங்க. "இன்னா கை அது! கத்திரிக்காய்னு சொன்னாத்தான் கத்திரிக்காய்னு தெரியும்."

அந்த மசாலா என்னன்னு ஒருத்தருக்கும் தெரியல. அதான் என் பிரச்சனையே.

அவரைக் கேட்டேன். "காரமா இருக்கும். பூண்டு தூக்கலா இருக்கும்"ன்னார். அத்தையைக் கேட்டேன். "மொளகாய ஊற வெச்சு அரைப்பா"ன்னாங்க. இவ்வளவுதான். இத்தனை வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டவங்க, எழுந்து போய் ஒரு தடவைகூடப் பார்க்கல.

நான் கெமிஸ்ட்ரி படிச்சவ. சரி, நாமளே கண்டுபிடிப்போம்னு இறங்கினேன். காய்ஞ்ச மிளகாயை வெந்நீர்ல ஊறப்போட்டு, பூண்டு, சீரகம், மிளகு, சின்னதா ஒரு துண்டு வெல்லம், எல்லாத்தையும் கொரகொரன்னு அரைச்சுக்கணும். மை மாதிரி அரைச்சா சூட்டுல தீஞ்சுடும். அதுல செக்கு நல்லெண்ணெய், எலுமிச்சம்பழச் சாறு. காயைத் துடைச்சு, தண்ணியே இல்லாம, பெருசு பெருசா நறுக்கிப் புரட்டி வைக்கணும். உப்பை மட்டும் கடைசியா, அடுப்புக்குப் போறப்போ போடணும். முன்னாடியே போட்டா காய் தண்ணி விட்டுடும், மசாலா எல்லாம் வழுக்கிட்டு அடியில போய் நின்னுடும். பாருங்க, எவ்வளவு சுலபம். நீங்களும் செஞ்சு பாருங்க.

நல்லாத்தான் இருக்கும். அவரே சொல்வார், "நல்லா இருக்கு சிந்து. ஆனா..."ன்னு. அந்த 'ஆனா'வுக்குப் பின்னாடி என்ன வரும்னு அவருக்கும் தெரியாது. தட்டைப் பார்த்துட்டே உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் நான் அடுப்படியில போய் நின்னுப்பேன்.

முதல் வருஷம் படையலுக்கு இதைத்தான் கொண்டு போனேன். படையலுக்குச் செய்யறதை வீட்டு ஆளுங்க யாரும் முன்னாடி ருசி பார்க்கக் கூடாது, உங்களுக்கே தெரியுமே. உப்பு இருக்கா இல்லையான்னு தெரியாமலே சுட்டேன். இலையில வெச்சோம். கதவைச் சாத்தினோம். நான் வாசல்ல நின்னு வேண்டிக்கிட்டேன். 'அக்கா, நான் உங்க இடத்தைப் பிடுங்க வரல. காலியா இருந்ததுனாலதான் வந்தேன்.'

கதவைத் திறந்தா, அக்கா, கத்தரிக்காய் ஒரு துண்டு இல்ல.

நான்தான் அடுக்கினேன், எனக்குத் தெரியும். இலையோட இடது ஓரத்துல ஒரு துண்டு இருந்த இடத்துல எண்ணெய் மட்டும் இருந்துச்சு. அத்தை அப்படியே கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "வந்துட்டா பாரு! எம் மருமவ வந்துட்டா!" அவர் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். அப்பதான் தன்ஷி கொல்லைப்பக்கத்துலேர்ந்து வந்தா.

தன்ஷிகா. ரேணுகா அக்கா பொண்ணு. அப்போ அவளுக்கு எட்டு வயசு. அந்த அறைக்குக் கொல்லைப்பக்கமா ஒரு சின்னக் கதவு உண்டு, விறகு எடுக்கறதுக்கு. அந்தப் பக்கமா வந்து நின்னா. உதட்டோரத்துல கரி. கையைப் பாவாடையில துடைச்சுட்டு நின்னா. பாவாடையில சிவப்பா எண்ணெய். அத்தை அவ முகத்தைப் பார்த்துட்டு அழுதுட்டாங்க. "பெத்த பொண்ணுக்கும் ஒரு வாய் ஊட்டிட்டுப் போயிருக்கா." தன்ஷி என்னைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. அப்படியே அந்த போட்டோ கண்ணு.

அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது.

படையல் முடிஞ்சு வேலூர் வீட்டுக்குத் திரும்பினதும் அவ என் பின்னாடியே சுத்த ஆரம்பிச்சா. அதுவரைக்கும் நான் இருக்கற அறைக்குள்ளயே வர மாட்டா. என்னை எதுவும் கூப்பிட மாட்டா. ஏதாவது வேணும்னா, "இந்தாங்க"ன்னு ஆரம்பிப்பா. இப்போ நான் மிளகாய் ஊறப்போட்டாலே அடுப்படி வாசல்ல வந்து நிப்பா. சத்தமே இருக்காது. திரும்பினா நிப்பா. "என்னடா?"ன்னா தலையை ஆட்டுவா.

ஒருநாள் மிக்ஸி மூடி மேல ஒரு மாங்காய்த் துண்டு இருந்துச்சு.

நான் வெக்கல. அவர் வேலைக்குப் போயிட்டார். எடுத்துக் குப்பையில போட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை மசாலா அரைக்கப் போனா, மறுபடியும். இந்தத் தடவை பூண்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்துல, தோலெல்லாம் சீவி. அதையும் தூக்கிப் போட்டேன். நான் மசாலா அரைக்கற அன்னைக்கு மட்டும் வரும், அக்கா. சாம்பார் வைக்கற அன்னைக்கு வராது.

அத்தைகிட்ட போன்ல சொன்னேன். அப்புறம்தான் சொன்னாங்க. அதுவரைக்கும் எனக்கு யாருமே சொல்லல. ரேணுகா அக்கா சாகறப்போ முழுகாம இருந்திருக்காங்க. அஞ்சாம் மாசம். விஷக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில, கடைசியில, ஒரு கீத்து மாங்காய் கேட்டிருக்காங்க. "காய்ச்சல்ல புளிப்பு ஆவாதுடின்னு நான்தான் குடுக்கல. நாளைக்குத் தரேன்னேன்"னு சொல்லிட்டு அத்தை போனை வெச்சுட்டாங்க.

இப்போ சொல்லுங்க. மாங்காய் கேட்டு, கிடைக்காம, வயித்துப் பிள்ளையோட போனவங்க. அவங்க அடுப்படியில இப்போ நான் நிக்கறேன். மிக்ஸி மூடி மேல மாங்காய்.

கொண்டுவந்து வெச்சது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. தன்ஷிதான். கீழ் வீட்டு ஓனர் மரத்துல ஏறிப் பறிச்சிருக்கா. முழங்கால் எல்லாம் சிராய்ப்பு. மாங்காய்ப் பால் பட்டு உள்ளங்கையில கொப்புளம். நான்தான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். கையை இழுத்துக்கல, பாவம். என் மடியிலேயே வெச்சுட்டு உட்கார்ந்திருந்தா. ஆனா கை அவளோடது. செய்ய வெச்சது யாரு? மசாலா அரைக்கற அன்னைக்கு, சரியா மிக்ஸி பக்கத்துல மாங்காயை வைக்கணும்னு அந்தச் சின்னப் பொண்ணுக்கு யார் சொல்லிக் குடுத்தா? நினைச்சுப் பாருங்க.

கடைசியா ஒருநாள் நான் அரைச்சு முடிச்சுட்டு, எலுமிச்சம்பழத்தை எடுக்கறேன். பின்னாடியிருந்து கையை நீட்டி அந்தப் பழத்தைப் பிடிச்சுக்கிட்டா. அவ கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. இன்னொரு கையில ஒரு கிண்ணம். மாங்காயைத் துருவி வெச்சிருந்தா. "இந்தாங்க... அது இல்ல. அம்மா..."ன்னா.

'அம்மா'ன்னதும் நான் கத்திட்டேன். கிண்ணம் எகிறி விழுந்துச்சு. ஓனர் வீட்டு அம்மா மேல ஓடி வந்துட்டாங்க. தன்ஷி மீதியைச் சொல்லவே இல்ல. கீழே விழுந்ததையெல்லாம் கையாலயே கூட்டி அள்ளிட்டுப் போயிட்டா.

அன்னைக்கு ராத்திரி அவர்கிட்ட, இந்த வீடு அவளுக்கு நல்லதில்லன்னு சொன்னேன். பொய் இல்ல, நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன். ரேணுகா அக்கா அந்தப் பொண்ணு வழியா உள்ளே வர்றாங்கன்னா, அது அந்தப் பொண்ணுக்கும் நல்லதில்லையே. ஸ்கூல் திறக்கறப்போ அவர் அவளைக் கண்ணமங்கலத்துல அவ சித்தி வீட்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்தார். தேவிகா, ரேணுகா அக்காவோட தங்கச்சி. நல்ல மாதிரி. பஸ் ஸ்டாண்டு பின்னாடியே வீடு. இந்த பஸ் அந்த வழியாத்தான் போகும். அதனாலதான் நான் எப்பவும் இந்தப் பக்கத்து சீட்ல உட்காருவேன். இந்த ஜன்னல்ல பார்த்தா மாடிக் கொடியில அவ யூனிஃபார்ம் காயறது தெரியும்.

அவ போனதும் மாங்காய் வர்றது நின்னுபோச்சு. பார்த்தீங்களா?

போன வருஷம் படையல். அதே மசாலா, அதே கத்தரிக்காய். பார்க்கப்போனா இன்னும் நல்லாவே சுட்டிருந்தேன். ஓரம் கருகி, உள்ளே வெண்ணெய் மாதிரி. கதவைத் திறந்தோம். ஒரு துண்டுகூடக் குறையல. அத்தை சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. குனிஞ்சு எண்ணினாங்க. "தொடவே இல்லியே"ன்னாங்க. திட்டல. திட்டியிருந்தா பரவாயில்ல. "என் வூட்டு வாசப்படிய மெதிக்காமலே போய்ட்டாளே"ன்னு சொல்லிட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க.

அப்போ எனக்கு ரெண்டாம் மாசம். அந்த வாரத்துலயே கலைஞ்சுடுச்சு.

டாக்டரம்மா, "இப்படி நிறைய பேருக்கு ஆகும்மா, காரணம் சொல்ல முடியாது"ன்னாங்க. காரணம் சொல்ல முடியாதாம். எனக்குத்தான் காரணம் தெரியுமே. ஹால்ல மாட்டியிருக்கே.

தண்ணியா? வேண்டாங்க்கா. நான் அழல. காத்து.

இன்னைக்கு மூணாவது படையல். அவர் காலையிலேயே கரி, புடவை, பூவோட பைக்ல போயிட்டார். "நீயும் ஏறு"ன்னார். இடுப்பு வலிக்குது, பஸ்ஸுல வரேன்னுட்டேன். ஏன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். நீங்க அப்பவே என் கை எங்கே இருக்குன்னு பார்த்தீங்க. ஆமா. யாருக்கும் தெரியாது. அவருக்கே சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்.

சொன்னா சந்தோஷப்படுவார். சந்தோஷப்பட்டா அந்த போட்டோவைப் பார்ப்பார். அது அவருக்குப் பழக்கம். அதனாலதான் சொல்லல. முதல்ல இன்னைக்கு இலை முடியட்டும். ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு குறைஞ்சிருக்கணும். இல்லன்னா நான் என்ன செய்யப்போறேன்னு எனக்கே தெரியாது. கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி நானே ஒரு துண்டை எடுத்து முந்தானையில மறைச்சுக்கலாமான்னுகூட நினைச்சேன். அத்தையை ஏமாத்திடலாம். ரேணுகா அக்காவை ஏமாத்த முடியுமா?

ஒரு வாரமா எனக்கு மாங்காய் வேணும்னு இருக்கு, அக்கா. வேற எதுவும் வேண்டாம். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு. தூங்கி எழுந்தா பல்லு கூசுது. இது என் ஆசையா, அவங்க ஆசையா? என் வாய்ல ஊறுற தண்ணி யாரோடது? அதான் உங்க பையைத் தள்ளி வெக்கச் சொன்னேன். ஒரு கடி கடிச்சேன்னா, அவங்க உள்ளே வந்துட்டாங்கன்னு ஆயிடும்.

நான் பாட்டுக்குப் பேசிட்டே வரேன். உங்களுக்கு எங்கே இறங்கணும்? ஆரணியா, சரி.

என்ன கேட்டீங்க? புளிப்புக்கு என்னவா? எலுமிச்சைதான். சொன்னேனே.

என்னது?

மாங்காயா? மசாலாவுலயா?

உங்க வீட்ல அப்படித்தானா... துருவி, பிழிஞ்சு, அந்தச் சாறும் சக்கையுமா. சித்திரையில எலுமிச்சை எதுக்கு, மாங்காய் சும்மா கிடைக்கறப்போன்னு. ம். காய் சீக்கிரம் பதமாகும், ஆமா. சக்கை சூட்டுல கருகி ஒட்டிக்கும். புகையோட சேர்ந்து ஒரு இனிப்பு. ம்.

இருங்க.

துருவி வெச்சிருந்தா. கிண்ணத்துல. சின்னக் கையால துருவினது, ஒழுங்காவே இல்ல, கட்டியும் முட்டியுமா. "அது இல்ல. அம்மா..."ன்னா.

அம்மா மாங்காய் போடுவாங்க.

அதைச் சொல்லத்தான் வந்தாளா?

அவங்க சுடறப்போ தன்ஷி மாடியில கூடவே உட்கார்ந்திருப்பாளாம், அக்கா. விசிறிட்டு. அத்தை சொல்லியிருக்காங்க. சாப்பிட்டவங்க யாரும் எழுந்து போய்ப் பார்க்கலன்னு சொன்னேனே. அவ பார்த்திருக்கா. வீட்லயே அவ ஒருத்திதான் பார்த்திருக்கா. அவளை நான் கேக்கவே இல்ல.

அப்போ முதல் வருஷம் அந்தக் கத்தரிக்காய்... கொல்லைக் கதவு... பாவாடையில எண்ணெய். சாப்பிட்டுட்டு என்னையே பார்த்தாளே. நான் அந்தப் பார்வைக்கு என்னென்னவோ அர்த்தம்... நல்லா இருந்துச்சுன்னு பார்த்தாளா? ஒண்ணு குறையுதேன்னு பார்த்தாளா? அதுக்குத்தான் என் பின்னாடியே வந்தாளா?

போன வருஷம் அவ இல்ல. இலையும் குறையல.

நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். உங்க முகத்துலயே தெரியுது. நீங்க அப்பவே கண்டுபிடிச்சுட்டீங்க, இல்ல? உதட்டுல கரின்னு சொன்னப்பவே.

ஆனா அக்கா, அப்போ ரேணுகா அக்கா வரவே இல்லையா? கோவமே இல்லையா? அப்போ என் வயித்துலேர்ந்து போனதை யார் எடுத்துட்டுப் போனா? இத்தனை நாள் எனக்கு ஒரு ஆள் இருந்தாங்க. ராத்திரி முழிச்சுக்கிட்டா ஹாலுக்குப் போய் அவங்களைப் பார்த்து, ஏன்க்கா, ஏன்க்கான்னு கேப்பேன். இனிமே யாரைக் கேக்கறது? காரணம் சொல்ல முடியாதுன்னா, அப்படியேவா விட்டுடறது?

மாட்டேன். அவங்க இருக்காங்க. இல்லாமப் போக மாட்டாங்க. அந்தப் பொண்ணு செஞ்சது வேற, அவங்க வேற. ரெண்டும் இருக்கலாம்தானே? சொல்லுங்களேன்.

கண்டக்டர் என்ன சொல்றார்? கண்ணமங்கலமா? அதுக்குள்ளயா?

இறங்குறேங்க்கா. ஊர் இல்ல, ஊர் இன்னும் போகணும். அடுத்த பஸ் பிடிச்சுப்பேன். அவ வருவாளான்னு தெரியாது. தேவிகா விடுவாங்களான்னும் தெரியாது. நான் என்னன்னு கேக்கறது? 'இந்தாங்க'ன்னுதான் ஆரம்பிக்கணும். உப்பு இன்னும் போடல, மசாலாவுல இன்னும் இடம் இருக்கு. அவ துருவட்டும். பிடிச்சா அவளே சாப்பிடட்டும், கதவுக்கு முன்னாடி, கதவுக்குப் பின்னாடி, எங்கே வேணும்னாலும்.

இதோ இறங்கிட்டேங்க, ஒரு நிமிஷம்! அக்கா, உங்க பையிலேர்ந்து ஒரு மாங்காய் தரீங்களா? இல்ல, ரெண்டாக் குடுங்க. ஒண்ணு மசாலாவுக்கு.

இன்னொண்ணு எனக்கு. எனக்குத்தான்னு நினைக்கறேன்.